மண்மேட்டை அளந்த ராஜா

முன்னொரு காலத்தில் மணலூர்ச் சீமையை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் உப்பரிகையை விட்டு இறங்கமாட்டான். அங்கிருந்து கண்ணில் பட்டதுதான் அவனுக்கு உலகம்.

ஒரு கோடையில் ஊர்க் குளம் வற்றிவிட்டது. குழந்தைகள் நா வறண்டு அழுதன. ராஜா கிணறு வெட்டச் சொன்னான். உப்பரிகையிலிருந்து கிணற்றின் அடி தெரியுமா? வெட்டிக் குவித்த மண்மேடுதான் தெரிந்தது. அதை வைத்தே வேலையை அளந்தான் அந்த மகானுபாவன்.

தளவாய் மழவராயருக்குச் சொல்லவா வேண்டும்! கண்ட இடத்திலெல்லாம் குழி தோண்டி மண்ணை மலையாகக் குவித்தார். அமைச்சர் குணசீலரோ ஊற்றுக்கண் பார்த்து ஒரே கிணறு வெட்டினார். தண்ணீர் வந்ததும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"பிரபு, அமைச்சரின் மேட்டைப் பாருங்கள். கோழி கிளறினாற்போல் இருக்கிறது!" என்று வத்தி வைத்தார் தளவாய்.

"தண்ணீர் வந்துவிட்டதே, அரசே," என்றார் அமைச்சர்.

"அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மண் பொய் சொல்லாது. நாளை உச்சிவேளையில் உம் தலை போகும்!" என்றான் ராஜா.

 

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சாகப்போகிறவனுக்கு அரசன் தன் கையால் தண்ணீர் தரவேண்டும். அதன் பிறகுதான் வாள் இறங்கும். அதற்காக ராஜா கொலைக்களத்துக்கு வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"தளவாய் வெட்டிய கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும், அரசே," என்றார் அமைச்சர். "அவ்வளவு பெரிய மேடாயிற்றே! அதன் பலனை ருசிபார்த்துவிட்டுச் சாகிறேன்."

சேவகர்கள் குழிக்குக் குழி ஓடினார்கள். விட்ட குடமெல்லாம் மணலோடு ஏறிவந்தது. தளவாய்க்கு வியர்த்துக் கொட்டியது. தலையை வெட்ட வந்தவன் ஓங்கிய வாளோடு காத்து நின்றான். ராஜாவுக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எங்கிருந்தாவது கொண்டுவாருங்கள்!" என்று கத்தினான்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் செம்போடு வந்தாள். "அமைச்சர் கிணற்றுத் தண்ணீர், மகாராஜா. எங்கள் தெருவே இதனால்தான் பிழைத்துக் கிடக்கிறது."

ராஜா செம்பை நீட்டினான். அமைச்சர் வாங்கவில்லை. "முதலில் நீங்கள் குடியுங்கள், அரசே. தொண்டை காய்ந்திருந்தால் தீர்ப்புச் சொல்ல வராது."

ராஜா மடமடவென்று குடித்தான். வெட்கத்தில் தலை குனிந்தான். பிறகு வாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டான்.

தளவாய்க்கு அப்போதும் வெட்கமில்லை. "பிரபு, நானும் இராப்பகலாக உழைத்தேனே! எனக்குப் பரிசு?"

"இல்லாமலா?" என்றான் ராஜா. "நீர் வெட்டிய கிணற்றில்தான் இருக்கிறது. இறைத்து எடுத்துக்கொள்ளும்!"