ஓர் ஏரிக்கு இரண்டு 'ஆகட்டும்'

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை இன்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பதுதான் அவன் பார்த்த ஒரே வேலை. அந்த ஆகட்டும்களை நடத்திக் காட்டியே தலைமுடி கொட்டிப்போனவர் மந்திரி சிற்றம்பலம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. உழவர்களுக்காகச் செல்லாயி என்பவள் சபைக்கு வந்தாள்.

"மகாராசா, நெல்லு கதிர் வாங்குற நேரம். இப்ப மதகைத் தொறந்தாத்தான் பயிர் பிழைக்கும். இல்லேன்னா புள்ளகுட்டிய இழுத்துக்கிட்டு வேற சீமைக்குத்தான் போவணும்."

"ஆகட்டும்" என்றான் ராஜா.

அவள் வாசலைத் தாண்டுமுன் கச்சிராயன் எழுந்தான். ராஜாவுக்கு ஜால்ரா தட்டுவதும் மந்திரிக்குக் குழி பறிப்பதும்தான் அவன் பிழைப்பு.

"மகாராஜா, பௌர்ணமிக்கு ஏரியில் தெப்பம் விடலாம். தெப்பம் தயார். மேளக்காரர்கள் நம் ஆட்கள். தண்ணீரும் நம்முடையது. சல்லிக்காசு செலவில்லை!"

"ஆகட்டும்!"

சிற்றம்பலத்துக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "மகாராஜா, மதகைத் திறந்தால் தெப்பம் தரை தட்டும். தெப்பத்துக்காகத் தேக்கினால் பயிர் கருகும். ஏதாவது ஒன்றுதான் நடக்கும்."

"செலவே இல்லாத காரியத்துக்கும் முட்டுக்கட்டையா?" என்று சிரித்தான் கச்சிராயன்.

"இரண்டையும் நடத்தும். முடியாவிட்டால் உம் மந்திரி முத்திரை மோதிரத்தைக் கச்சிராயனிடம் கொடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டு ராஜா எழுந்து போய்விட்டான்.

'இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்லி அழ!' என்று பல்லைக் கடித்தார் சிற்றம்பலம். மோதிரம் போனால் போகட்டும், அது கச்சிராயன் விரலில் ஏறினால் ஊரே சுடுகாடாகுமே என்றுதான் அவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சனிதோறும் ராஜா உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறுவான். குளித்ததும் அகோரமாகப் பசிக்கும். சுடச்சுட மிளகு ரசமும் சோறும் இலையில் இருந்தாக வேண்டும். சிற்றம்பலம் காலையிலேயே தண்ணீர் இறைப்பவர்களை நிறுத்திவிட்டு, முற்றத்தில் ஒரே ஓர் அண்டாத் தண்ணீர் மட்டும் வைக்கச் சொன்னார்.

"தண்ணீர்! சீயக்காய் கண்ணை எரிக்கிறதே!" என்று ராஜா கத்தினான்.

"இன்றைக்கு இந்த ஓர் அண்டாதான், மகாராஜா. சமையலுக்கும் இதுதான். எதற்கு எடுக்கட்டும்?" என்றார் சிற்றம்பலம்.

"இரண்டுக்கும்தான்! முதலில் ஊற்றும் ஐயா!"

எண்ணெய்ப் பிசுக்குப் போவதற்குள் அண்டா காலி. ராஜா தலையைத் துவட்டிக்கொண்டு இலைமுன் வந்து உட்கார்ந்தான். இலை வெறிச்சென்று கிடந்தது.

"சாப்பாடு எங்கே?"

"தலையில் ஊற்றிக்கொண்டீர்களே, மகாராஜா."

"பார்த்தீர்களா இவர் திமிரை!" என்று குதித்தான் பக்கத்தில் நின்ற கச்சிராயன்.

"இருக்கட்டும். மகாராஜாவின் குளியலுக்கு எவ்வளவு செலவாயிற்று, கச்சிராயரே?"

"தண்ணீருக்கு என்ன செலவு? சல்லிக்காசு இல்லை."

"அப்படியானால் அவருக்கு ஏன் பசிக்கிறது?"

கச்சிராயன் வாயைத் திறப்பதற்குள் ராஜாவின் வயிறு கடமுடவென்று பதில் சொன்னது.

"மகாராஜா, காசு கொடுக்காததெல்லாம் இனாம் இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டால் எது கைவிட்டுப் போகிறதோ, அதுதான் அதன் விலை. இந்தக் குளியலின் விலை உங்கள் ரசச்சோறு. தெப்பத்தின் விலை செல்லாயியின் நெல். நீங்கள் ஒரு வேளை பட்டினி. அவர்களுக்கு வருஷம் முழுக்க."

ராஜா வெற்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் பிடுங்கியது.

"மதகைத் திறக்கச் சொல்லும். கச்சிராயா, தெப்பத்தை ஏரிக்கரையில் வை. பௌர்ணமியன்று மேளம் முழங்க நீ மட்டும் அதில் உட்கார்ந்திரு. செலவில்லாத திருவிழாவை ஊரே பார்க்கட்டும்." பிறகு மந்திரியிடம், "உமக்கு என்ன வேண்டும்?" என்றான்.

"ஒரு நாள் நிம்மதியான தூக்கம், மகாராஜா."

"ஆகட்டும்! நாளைக்கே தூங்கும். நாளைக்கு வேட்டைக்கும் என்னோடு..."

சிற்றம்பலம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ராஜாவைப் பார்த்தார்.

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி, சரி... தூங்கும்."