நாற்பது வருஷத்து வெள்ளை

ஓவியர் தணிகாசலம் நாற்பது வருஷமாக வெள்ளையைத் தவிர வேறெதையும் தீட்டவில்லை. பத்திரிகைக்காரர்கள் அதை மௌனம் என்றார்கள், பிரபஞ்சம் என்றார்கள், வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். அவர் எதையும் மறுத்ததில்லை. விருதுகள் வீடு தேடி வந்தன.

அவரிடம் பதினோரு வருஷம் ஓவியம் கற்ற பொற்கொடி, ஒரு நாள் உச்சி வெயிலில் வந்து நின்றாள். தூங்காத கண்கள். வெள்ளிக்கிழமை அவளுடைய முதல் தனிக் கண்காட்சி.

"மாஸ்டர், பெரிய படம் கெட்டுப்போச்சு."

"என்ன ஆச்சு?"

"அடியில என் தங்கச்சி முகத்தை வரைஞ்சிருந்தேன். கடல்ல மூழ்கிப் போனாளே, அவதான். பார்க்க முடியல. மேல வெள்ளை பூசிட்டேன். காலையில பார்த்தா முகம் வந்து நிக்குது. நாலு தடவை பூசியாச்சு, நாலு தடவையும் வந்துட்டா."

"அடி வர்ணம் சில சமயம் கசியும்."

"கசியட்டும் மாஸ்டர். ஆனா நான் அவ கண்ணை மூடின மாதிரிதான் வரைஞ்சேன். இன்னிக்குத் திறந்திருக்கு."

தணிகாசலம் உள்ளே போய் ஒரு பழைய படத்தைத் தூக்கி வந்தார்.

"இது என்னோட முதல் வெள்ளை. இந்தப் பக்கம் நில்லு."

படத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். வெயில் துணியை ஊடுருவியது. வெள்ளைக்குள்ளே, வெகு தூரத்தில், விரல் உயரத்துக்கு ஓர் ஆள் நின்றிருந்தான்.

"யாரு மாஸ்டர் அது?"

"என் அண்ணன். என்னோட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனான். திரும்பவே இல்ல."

அடுத்து, இருபது வருஷம் கழித்துத் தீட்டிய படம். அதிலும் அதே ஆள், இப்போது முழ உயரம். ஒரு கால் முன்னால் வைத்திருந்தான்.

மூன்றாவது, போன மாதம் முடித்தது. அதில் தோளும் முகமும் மட்டும்தான் இருந்தன. மற்றதற்கு இடமில்லை.

பொற்கொடி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எல்லாப் படத்துலயும் அண்ணனை வரைஞ்சுதான் மூடினீங்களா?"

"முதல் படத்துல மட்டும்தான் வரைஞ்சேன்."

அவர் மூன்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பொற்கொடி கேட்க வந்ததைக் கேட்டாள்.

"எந்த வெள்ளை பூசினா மூடும் மாஸ்டர்?"

"தெரிஞ்சிருந்தா அந்த முதல் படத்தோட நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்றார் தணிகாசலம்.