அரை நிமிடப் பதில்

மலையடிவாரத்து மடத்தில் மருந்து கொடுப்பது நாச்சியார் அம்மையின் வேலை. செவ்வாயும் வெள்ளியும் எல்லோருக்கும். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் வயசுப் பிள்ளைகளுக்கு. அன்று பின்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பார். பெயர் கேட்க மாட்டார், எதையும் எழுதி வைக்க மாட்டார். காதலோ, உடம்போ, பயமோ, கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்புவார். ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போய் வருவது தெரிந்ததால் பேசாமல் இருந்தார்கள்.

அம்மை இரண்டு மாதம் வெளியூர் போக வேண்டி வந்தது. சீடன் குமரகுரு பொறுப்பேற்றான். முப்பது வயது. மருந்துகள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். அதைவிட அதிகமாகப் புத்திமதி மனப்பாடம். முகப்பருவுக்கு மருந்து கேட்ட பையனிடமும் மனக்கட்டுப்பாட்டைப் பற்றித்தான் பேசினான்.

அம்மை திரும்பி வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். ஜன்னலுக்கு வெளியே ஒருவரும் இல்லை.

"பிள்ளைங்க திருந்திட்டாங்கம்மா," என்றான் குமரகுரு. "மூணு வாரமா ஒருத்தரும் சந்தேகம் கேட்டு வரல."

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. அம்மை கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"கடைசியா வந்தது யாரு?"

"காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிற பொண்ணு."

"என்ன கேட்டா?"

"மாசாமாசம் வர்றது எத்தனை நாள் தள்ளிப் போகலாம்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டேன்."

"அவ?"

"எனக்கு இல்லண்ணா, என் ஃப்ரெண்டுக்குன்னா."

"அப்புறம்?"

"ஃப்ரெண்டு யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் அம்மை சிரித்திருப்பார்.

"அவ சொல்லலம்மா. சரின்னு நல்லதா நாலு வார்த்தை சொன்னேன். படிக்கிற வயசு, பெத்தவங்க மானம், அதெல்லாம். அரை மணி நேரம் பேசினேன். அழுதுட்டா. மனசு மாறிட்டான்னு நினைச்சேன்."

"எத்தனை நாள்னு சொன்னியா?"

"இல்லம்மா."

"ஒரு வாரம் தள்ளிப் போனா சோதனை பண்ணிப் பார்க்கணும். உண்டாகி இருந்தா தாமதிக்காம பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்ட போகணும். தானா மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம்மா."

அம்மை ஜன்னலுக்கு உள்ளே போய் உட்கார்ந்தார். அவனை வெளியே போய் நிற்கச் சொன்னார். நின்றான்.

"மாசம் ஒரு தடவை பஸ் ஏறி டவுன் மருந்துக் கடைக்குப் போறியே, எதுக்கு?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான். "தொடை இடுக்குல படர்தாமரைம்மா."

"அதுக்குத் தைலம் இங்க நீயேதானே காய்ச்சற. அப்புறம் ஏன் டவுனு?"

"அங்க என்னை யாருக்கும் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டான்.

"அவளைத் தேடு," என்றார் அம்மை.

தேடினான். பெயர் தெரியாது, வீடு தெரியாது. கல்லூரி வாசலிலும் பேருந்து நிலையத்திலும் மூன்று நாள் நின்றான். மடத்துத் தம்பிக்கு இங்கே என்ன வேலை என்று ஊர் பேசியது.

நான்காம் நாள் அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர் மடத்துக்கு வந்தார். யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, இரத்தப்போக்கு நிற்காமல் முதல் வருஷக் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள். மடத்து அம்மை ஊர் திரும்பிவிட்டாரா என்று கேட்கிறாள்.

இருவரும் போனார்கள். வார்டு வாசலில் குமரகுரு அழுதான்.

"நானும் உள்ள வர்றேம்மா. அவ கால்ல விழணும்."

"முதல்ல அவளைக் கேட்டுட்டு வர்றேன்," என்று சொல்லி அம்மை உள்ளே போனார்.

வெகுநேரம் ஆயிற்று. கதவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது. அம்மையின் குரல் எப்போதாவது ஓரிரு வார்த்தை.

வெளியே வந்தவரிடம் கேட்டான். "என்ன கேட்டாம்மா?"

"இனிமே குழந்தை பிறக்குமான்னு கேட்டா. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பிறக்கும்னாரு. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு கேட்டா. நான் கூட வர்றேன்னேன்."

"நான் வந்திருக்கிறதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். பார்க்க விருப்பமில்லேன்னா."

குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டே நிமிஷம்மா. மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு வந்துடறேன். என் மனசு எப்படித் தவிக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா வேண்டாம்னு சொல்ல மாட்டா. கேட்காம எனக்குத் தூக்கம் வராது."

அம்மை அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. வருத்தம் இருந்தது.

"பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா, ஆனா என் தவிப்பு தெரிஞ்சா மாறிடுவா, இன்னும் ஒரே ஒரு தடவை போய்ப் பேசட்டுமான்னு ஒரு பையன் உன்கிட்ட வந்து கேட்டா, குமரா, நீ என்ன சொல்லுவ?"

கதவை நோக்கி ஓரடி எடுத்து வைத்திருந்தவன் திரும்பி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான்.