துக்கம் கேட்கப் போனவர்

"எல்லாருக்கும் தெரியும், அம்மா. தெரிஞ்சும் ஒருத்தனும் செய்ய மாட்டேங்கான்."

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கல்மண்டபத்தில் நின்றுகொண்டு தாணுலிங்கம் இப்படிப் பொருமினார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது குறைந்த இசக்கியம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

அது காய்ச்சல் காலம். மூச்சிலும் தொடுகையிலும் தொற்றி ஆளைக் கொண்டுபோகிற காய்ச்சல். ஏழு ஊருக்கும் போய் அதைச் சொல்லிவிட்டு வரும்படி அம்மைதான் அவரை அனுப்பினார். போய் வந்தவர் பதினான்கு நாள் மண்டபத்தில் தனியாக இருக்க வேண்டும் என்பது மடத்தின் ஏற்பாடு. அம்மை தினமும் சோற்றைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, தரையில் போட்ட கரிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவார்.

"அப்படி என்ன செய்தாங்க?"

"கேட்டா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கான். தொடாதே, தள்ளி நில்லு, கையைக் கழுவு. எல்லாம் மனப்பாடம். ஒரு சாவு விழுந்தா போதும், ஓடிப்போய்க் கை மேல கை வைக்கான். செவிடன் காதுல சங்கு ஊதினதுன்னாகூட மனசு ஆறும். இவனுகளுக்குக் காது நல்லாக் கேக்குதே!"

அந்தப் பக்கத்தில் துக்கம் கேட்பது வாயால் அல்ல. பறிகொடுத்தவர் வாசலில் இரண்டு கையையும் நீட்டி நிற்பார். வருகிறவர் அந்தக் கைகளின் மேல் தன் கைகளை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் உட்காருவார். கை வைக்காமல் போனால் பகையாளி என்று அர்த்தம்.

அம்மை இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா?"

"கீழே பாருங்க, வாத்தியாரே."

பார்த்தார். பேச்சு வேகத்தில் கோட்டைத் தாண்டி வந்திருந்தார்.

"அட, நமக்குள்ள என்ன அம்மா!" என்று சிரித்தார்.

அம்மை சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. அந்த ஏழில் ஓர் ஊரில் இருந்த அவர் தம்பி நல்லபெருமாளின் மனைவி பகவதி பாம்பு கடித்து இறந்துபோனாள்.

தாயில்லாத அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் தாணுலிங்கம்தான். உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்.

"நான் போகணும், அம்மா."

"இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

"இது பாம்புக்கடிச் சாவு. காய்ச்சல் அந்த ஊரை இன்னும் எட்டிக்கூடப் பார்க்கல. அங்க போனா எனக்கு ஒண்ணும் வராது."

"போகாதீங்க."

"கூடப்பிறந்தவன், அம்மா."

"அதனாலதான் சொல்லுதேன்."

போனார். குருவின் சொல்லை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

வழியில் இரண்டு முறை இருமினார். வண்டிப் புழுதி என்று நினைத்துக்கொண்டார். உடம்பு லேசாக வலித்தது. ஏழு ஊர் அலைந்த உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்?

தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் தெருவுக்குள் நுழைந்தார். நல்லபெருமாள் வாசலில் கைகளை நீட்டியபடி நின்றான். நாற்பது தாண்டியவன், அண்ணனைக் கண்டதும் சின்னப் பிள்ளையாகிவிட்டான். அவன் உதடு கோணியதைப் பார்த்ததும் தாணுலிங்கத்தின் நெஞ்சு உடைந்துபோயிற்று.

தம்பி அவர் கைகளை விடவே இல்லை.

மறுநாள் காலையில் அம்மை சோற்றுடன் வந்தபோது அவர் கோட்டுக்கு வெகுதூரம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"கை கொடுத்துட்டேன், அம்மா."

"பாடம் மறந்துபோச்சா?"

"இல்ல. கொடுக்கும்போதுகூட வாய் அதைத்தான் முணுமுணுத்துது."

அம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு முதல் நாள்" என்று மட்டும் சொன்னார்.

தாணுலிங்கம் நாட்களை எண்ணினார். இருமல் நின்றது. வலியும் போய்விட்டது. ஒன்பதாம் நாள் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா அம்மா, அங்கிருந்து எனக்கு ஒண்ணும் ஒட்டல."

அம்மையின் பார்வை ஆற்றுப் பக்கம் இருந்தது. நல்லபெருமாளின் பக்கத்து வீட்டுக்காரர் ஆவுடையப்பன், இடுப்பளவு தண்ணீரில் வேட்டியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க தம்பி நேத்து போயிட்டாரு. காய்ச்சல்."

தாணுலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுகை உடனே வரவில்லை. வந்தபோது தாங்க முடியவில்லை. அம்மையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதார்.

வெகுநேரம் கழித்து தாணுலிங்கம் கேட்டார்.

"ஊருக்குள்ள காய்ச்சல் எப்படி வந்துது?"

"அதுதான் யாருக்கும் பிடிபடல, அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியே சந்தையை மூடினோம். எல்லையில ஆள் போட்டு வெளியாள் ஒருத்தரையும் விடல. துக்கத்துக்கு வந்தது பூரா உள்ளூர்ச் சனம். நீங்க ஒருத்தர்தான் தூரத்துலேருந்து வந்தீங்க. உங்களைப் போய் வெளியாள்னு தடுப்போமா?"

தாணுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசிவரைக்கும் உங்க பேச்சுதான், அண்ணாச்சி. 'அன்னைக்கு எத்தனையோ பேர் கை வச்சாங்க, எல்லாம் சில்லுனு இருந்துது. எங்க அண்ணன் கை ஒண்ணுதான் கதகதன்னு இருந்துது. அந்தச் சூட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்'னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

சொல்லிவிட்டு ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்தார். பிறகு, தம்பியைப் பறிகொடுத்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்ய, அவர் கைகளின் மேல் வைக்க இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

தாணுலிங்கம் தன் கைகளை அக்குளுக்குள் திணித்துக்கொண்டு, முதுகு தூணில் இடிக்கும்வரை பின்னால் போனார்.

"வராதே! ஐயா, உன்னைக் கும்பிடுதேன், என்கிட்ட வராதே!"