ஆமென் சொல்ல ஆளில்லாத ஜெபம்

“என் ஜெபம் கூரையைத் தாண்ட மாட்டேங்குதும்மா” என்றார் வேதமாணிக்கம்.

தயாபரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் நாலு ஓட்டுவீடும் ஒரு ஜெபக்கூடமுமாக இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் தலைவி. வேதமாணிக்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனசு பாரமாகிப் போனவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். வந்தவர்களுக்கு அவர் பெரிதாக எதையும் போதித்துவிட மாட்டார். கையில் ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைப்பார், அவ்வளவுதான்.

வேதமாணிக்கத்தின் மடியிலும் ஒரு கொத்துக் கீரை வந்து விழுந்தது.

“எப்பத்திலிருந்துய்யா தாண்டல?”

“செல்லக்கனி போனதுல இருந்து.”

செல்லக்கனி அவர் மனைவி. கிறிஸ்துமஸ் கழிந்து பத்துப் பாத்திரத்தைக்கூடக் கழுவி அடுக்கவில்லை, கண்ணை மூடிவிட்டாள். இப்போது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நடக்கின்றன.

“நீங்க நல்லா ஜெபிக்கிறவங்கன்னு சொல்வாங்களே” என்றார் தயாபரியம்மா.

நல்லா என்றால் சாதாரணமாக அல்ல. வேதமாணிக்கத்தின் ஜெபம் ஊரறிந்தது. கோயில் அசன விருந்துக்கு இலை போட்டுச் சோறும் விழுந்தபின் அவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டால், பசித்தவன் பாடு திண்டாட்டம்தான். ஆதாமில் ஆரம்பித்தார் என்றால் அமெரிக்காவிலிருக்கும் மருமகன்வரை வந்துதான் நிற்பார். அதற்குள் சாம்பார் ஆறி ஆடை கட்டியிருக்கும்.

வீட்டிலும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. அவர் ஜெபிப்பார். செல்லக்கனி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எதிரே முழங்காலிடுவாள். கடைசியில் ஆமென் சொல்வது அவள் வேலை.

“சில நாள் பாதியிலயே சொல்லிருவாம்மா. ‘நான் இன்னும் முடிக்கலையே’ம்பேன். ‘கர்த்தருக்கு விளங்கிட்டு, நீங்க சாப்பிட வாங்க’ம்பா.”

வேதமாணிக்கம் கீரையோடு காம்பையும் சேர்த்து உருவிப் போட்டார். தயாபரியம்மா காம்பைப் பொறுக்கி எடுத்தார்.

“இப்பவும் முழங்கால் போடுதேன். முடிக்கிற இடம் வருது. ஆமென் சொல்ல ஆளில்ல. நானே சொல்லிப் பாத்தேன். ஸ்டாம்பு ஒட்டாத கடுதாசி மாதிரி, போய்ச் சேர்ந்த மாதிரியே இல்ல. அப்புறம் ஜெபிக்கறதையே விட்டுட்டேன்.”

“ஆண்டவர் மேல கோபமாய்யா?”

“கோபம்னாலாவது ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேனே. பேச்சுவார்த்தையே இல்லம்மா. எனக்கு அதுதான் பயமா இருக்கு. அவளும் இல்ல, அவரும் இல்லன்னா நான் எங்க போவேன்?”

தயாபரியம்மா மடியிலிருந்த கீரைச் சுளகைக் கீழே வைத்தார்.

“இன்னைக்குச் சாயங்காலம் எங்களோட ஜெபிங்க” என்றார்.

சாயங்காலம் ஜெபக்கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். வேதமாணிக்கம் தட்டுத்தடுமாறி ஜெபித்தார். முடிக்கிற இடம் வந்ததும், ஓடு அதிர “ஆமென்” என்றது கூட்டம்.

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“எல்லாரும் சொன்னாங்கம்மா. அவ சொல்லலையே.”

“சொல்லலதான்” என்றார் தயாபரியம்மா. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேதமாணிக்கம் பையைத் தூக்கிக்கொண்டு விடைபெற வந்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாறேம்மா.”

“சரிங்கய்யா. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. செல்லக்கனியம்மா என்ன ஜெபிப்பாங்க?”

“அவ எங்க ஜெபிச்சா? நான்தான் ஜெபிப்பேன். அவ ஆமென் சொல்லுவா.”

“நீங்க ஆதாமில இருந்து அமெரிக்கா போய்ச் சேர்ற வரைக்கும், அவங்க முந்தானைக்குள்ள சும்மாவா இருந்தாங்க?”

வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“இல்ல” என்றார் மெதுவாக. “உதடு அசையும். நான் ஒண்ணு ரெண்டு தடவை கண்ணைத் திறந்து பாத்திருக்கேன்.”

“ஆண்டவர்கிட்ட என்ன கேட்டாங்க?”

“தெரியலம்மா.”

“நீங்க அவங்ககிட்ட கேக்கலையா?”

“ஒருநாளும் கேக்கல.”

தயாபரியம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

“அப்போ, அந்த ஜெபத்துக்கெல்லாம் யாரு ஆமென் சொன்னது?”

சாலையில் பஸ் வந்து நின்றது. இரண்டு முறை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வேதமாணிக்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“செத்தவங்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம்ம சபையில இல்லையேம்மா” என்றார். சபை ஒழுங்கில் அவர் கறார்.

“அவங்களுக்காக இல்லய்யா. அவங்க கேட்டதுக்கு. கேட்டது கேட்டபடி ஆண்டவர்கிட்டதானே இருக்கு.”

“என்ன கேட்டான்னே தெரியாம எப்படிம்மா ஆமென் சொல்ல?”

“நீங்க கேட்டதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமாக்கும்? பாதி நாள் அடுப்புல கொதிக்கிற சோத்துலதானே அவங்க காது இருந்திருக்கும்.”

வேதமாணிக்கம் இந்தத் தடவை வாய்விட்டே சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

தோள் துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். அதன் மேல் முழங்காலிட்டார். தயாபரியம்மாவும் சற்றுத் தள்ளி முழங்காலிட்டார்.

ஆதாம் வரவில்லை. மருமகனும் வரவில்லை. வெகுநேரம் அவர் வாய் திறக்கவே இல்லை. எதிரே ஒருத்தி முணுமுணுப்பதை, அவள் முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்போல் தலையைச் சாய்த்திருந்தார்.

பிறகு சொன்னார்.

“ஆண்டவரே, அவ கேட்டபடியே ஆகட்டும். ஆமென்.”