எரிந்த சரிவு

மாசிலாமணி துறவு பூண்டபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையின் பாதி உயரத்தில், ஒரு சுனைக்குச் சற்று மேலே, அவளுடைய குடிசை இருந்தது. அவள் படுத்ததும் தூங்கிவிடுவாள். அவர் கண் மூடமாட்டார்.

சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் புல். காற்றில் அது அசையும்போதெல்லாம் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த மலையில் புலி உண்டா?"

"உண்டு."

"எங்கே?"

"புல்லுக்குள்."

"இங்கே வருமா?"

"பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பார்க்காத புலி நாளுக்கு நாள் பெரிதானது.

சித்திரையில் ஒருநாள் உலகம்மை அடிவாரத்து ஊருக்குப் பிச்சைக்குப் போனாள். அன்று மதியம் புல்லுக்குள் ஏதோ உறுமியது. பன்றியாகவும் இருக்கலாம். மாசிலாமணி, குடிசையில் தீப் பிடிக்காதபடி அதைச் சுற்றியிருந்த புல்லைச் செதுக்கி எடுத்தார். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துவந்து புல்லில் வைத்தார்.

முன்னால் இருக்கும் புல் மட்டும் எரிந்தால் போதும் என்றுதான் நினைத்தார். தீ அதைக் கேட்கவில்லை. அந்தச் சரிவு முழுக்க எரிந்தது. அதற்கு அப்பால் இருந்த சரிவும் எரிந்தது.

உலகம்மை புகைக்குள் நடந்து வந்தாள்.

"எதற்காக?"

"பயம், அம்மா. இனிமேல் எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும்."

"தெரிந்தால்?"



வைகாசியில் மழை இல்லை. ஆனியிலும் இல்லை. கரிந்த வேர்கள் துளிர்க்கவில்லை. முதலில் மான்களின் சத்தம் நின்றது. பிறகு பன்றிகளைக் காணோம். சுனைக்கரை ஈரமண்ணில் குளம்படிகள் இல்லாமல் போய், ஒருநாள் காலை அகன்ற கால்தடம் ஒன்று பதிந்திருந்தது. அந்தத் தடம் குடிசை வாசல் வரை வந்து திரும்பியிருந்தது.

ஆடி பிறந்து நாலாம் நாள், பட்டப்பகலில், புலி வந்தது. குடிசைக்கும் சுனைக்கும் நடுவே, கறுத்த தரையில் படுத்துக்கொண்டது. மறைந்துகொள்ள அதற்கு இடமில்லை. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

இருவரும் மூங்கில் தட்டியைச் சாத்தினார்கள். பானையில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது.

மாசிலாமணி தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தார். "ஒரு மானைத் தேடிப் போகக்கூடாதா அது?"

உலகம்மை தாழ்ந்த குரலில் கேட்டாள். "இத்தனை வயதுக்குள் நீர் எவ்வளவு சோறு தின்றிருப்பீர்?"

"இப்போதா அம்மா இதைக் கேட்பது?"

"சொல்லும்."

"நூறு மூட்டை அரிசி இருக்கும்."

"உம்மைத் தூக்கிப் பார்த்தால் ஒரு மூட்டைகூடத் தேறாது. மற்றதெல்லாம் எங்கே?"

அவர் தட்டியின் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்தேன். உழைத்தேன். மூச்சு விட்டேன்." தட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பயந்தேன்."

"மானும் அப்படித்தான். தின்ற புல்லில் கொஞ்சம்தான் அதன் உடம்பில் தங்கும். மற்றதை ஓடியே தீர்த்துவிடும். அந்த மானைத் தின்ற புலிக்கும் அதே கதிதான். ஒரு புலி உயிரோடிருக்க எவ்வளவு புல் வேண்டும்?"

இடுக்கு வழியே தெரிந்ததெல்லாம் கரி. ஒரு சரிவு. அதற்கு அப்பால் இன்னொரு சரிவு.

"இவ்வளவும்" என்றார்.

"இவ்வளவும்."

மறுநாள் தண்ணீர் தீர்ந்தது. புலி நகரவில்லை. மாசிலாமணி எழுந்து தட்டியில் கைவைத்தார்.

"தீ வைத்தவன் நான். நான் போகிறேன். என்னைத் தின்றால் அது உங்களை விட்டுவிடும்."

"உம்மைத் தின்றால் அதற்கு நாலு நாள் தாங்கும்" என்றாள் உலகம்மை. "ஐந்தாம் நாள்?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை பறைச் சத்தம் கேட்டது. அடிவாரத்து ஊரிலிருந்து சுடலைக்கண்ணு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு, பந்தங்களோடு மேலே ஏறி வந்தான். புலி எழுந்து கொஞ்ச தூரம் விலகியது. அவ்வளவுதான்.

"போன வாரம் ரெண்டு மாடு போச்சு, தாயி" என்றான். "தின்ன விடாம புலிய வெரட்டப் போன என் தம்பிக்கு ஒரு கை போச்சு. இனிமே நீங்க இங்க இருக்கப்படாது. எங்க நடுவுல நடந்து வாங்க."

"தீ வைத்தது நான்தான், சுடலைக்கண்ணு" என்றார் மாசிலாமணி.

அவன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பறை கொஞ்சம் தயங்கி மறுபடி முழங்கியது.

"நடங்க, சாமி" என்றான்.

பாதி வழியில் மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். புலி பின்னால் வந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லாமல் வந்தது. இவர்கள் நின்றால் நின்றது. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்த்தது.

"அம்மா, பறைக்கும் பந்தத்துக்கும்கூட அது பயப்படவில்லையே. எதை இப்படிப் பார்க்கிறது?"

உலகம்மை நடையை நிறுத்தவில்லை.

"மலைப்புல் தீர்ந்துவிட்டது, ஐயா. நெல்லும் ஒரு புல்தான். அந்தப் புல் யார் யார் உடம்பில் இருக்கிறது என்று புலி பார்க்கிறது."