மேயர் பெயர் எரிந்த வளைவு

ஒரு மாநகராட்சியில் தெருவிளக்கு லைன்மேன் தணிகாசலம். இருண்டு கிடந்த உப்பளக் குப்பத்துக்குச் சோலார் விளக்கு கேட்டு, பதினோராவது முறையாக மாமன்றக் கூட்டத்தில் மேயர் முன்னால் வந்து நின்றார்.

“வரியும் போட மாட்டேன், கடனும் வாங்க மாட்டேன். பணத்தை நீயே கண்டுபிடிச்சுட்டு வாய்யா!” என்றார் மேயர்.

“நான் மிச்சம் பிடிக்கிற கரண்ட் பில் பணம் மொத்தமும் சோலாருக்குத்தான்னு எழுதிக் கொடுங்க, ஐயா. அது போதும்.”

மன்றமே சிரித்தது. மேயரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தணிகாசலம் நேரே வாசலுக்குப் போனார். மேயரின் பெயரை ஆயிரம் பல்புகளில் காட்டும் வளைவு உச்சிவெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தார்.

“டேய், என் பேரு!” என்று அலறியபடி ஓடிவந்தார் மேயர்.

மேயர் கையெழுத்துப் போட்ட தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் தணிகாசலம்.

“வெயில்லயே உங்க பேரு நல்லாத் தெரியுது, ஐயா.”